கூண்டில்லாக் கொட்டகையில் கோழி நலம்: சிங்கப்பூரின் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஏற்ற முழு வழிகாட்டி

கம்பிக் கூண்டில் அடைபட்ட முட்டைக்கோழிக்கு இறக்கையை முழுதாக விரிக்கக்கூட இடம் கிடையாது. தரையைக் கிளறுவது, புழுதியில் புரள்வது, முட்டையிட மறைவிடம் தேடுவது, இருட்டியதும் உயரத்தில் ஏறி அடைவது ஆகிய எல்லாமே கோழியின் பிறவிக் குணங்கள். கூண்டு அவை அனைத்தையும் பறித்துவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் விதிகளை வகுத்து, 2012 முதல் வெற்றுக் கம்பிக் கூண்டுகளைத் தடை செய்தது இந்தக் காரணத்தால்தான். சிங்கப்பூர்ப் பேரங்காடிகளிலும் இன்று கூண்டில்லா முட்டைகள் தனி அட்டையில் விற்கப்படுகின்றன.

ஆனால், கூண்டைக் கழற்றிவிட்டால் கோழி தானாக நலமடைந்துவிடும் என்று நினைப்பது ஆபத்து. கூண்டுக்குள் கோழியின் எச்சம் கம்பி வழியாகக் கீழே விழுந்துவிடும். தரையில் வளரும் கோழி தன் எச்சத்தின் மீதே நடக்கிறது. கூண்டில் கொத்தும் கோழிக்குக் கைக்கெட்டுவது நான்கைந்து கோழிகள்தான். கொட்டகையில் ஒரு கெட்ட பழக்கம் ஆயிரம் கோழிகளுக்குப் பரவும். கூண்டு செய்துவந்த காவல் வேலை முழுவதும் வளர்ப்பவரின் பொறுப்பாகிறது. அதிலும் சிங்கப்பூரின் தட்பவெப்பத்தில் முதலில் காக்க வேண்டியது தரையில் பரப்பும் மரச்சீவல், உமி போன்ற கூளத்தை. அது காய்ந்திருந்தால் பாதி நோய்கள் அண்டாது. நனைந்துவிட்டால் எந்த மருந்தும் முழுப் பலன் தராது.

சிங்கப்பூரின் வடமேற்கில் உள்ள லிம் சூ காங் பண்ணைகளில் வேலைக்கு வந்திருக்கும் தமிழகத் தொழிலாளர்களையும், அடுக்குமாடியாக இல்லாத தரை வீட்டில் நாலைந்து கோழி வளர்க்கும் குடும்பங்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஊரில் பாட்டி வளர்த்த நாட்டுக்கோழி தெரிந்தவர்கள் பலர். அந்த அனுபவம் இங்கே பெரிதும் கைகொடுக்கும். ஆனாலும் தஞ்சாவூரின் கோடைக் காற்று வேறு, இங்கு ஆண்டு முழுவதும் வீசும் ஈரக் காற்று வேறு.

முதல் படி: வளர்க்க அனுமதி உண்டா என்று பாருங்கள்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் கோழி வளர்க்க அனுமதி இல்லை. தரை வீடுகளில் விற்பனை நோக்கமின்றி 10 கோழிகள் வரை வளர்க்கலாம். அவற்றை வெளிப் பறவைகள் புக முடியாத அடைப்புக்குள் வைத்திருக்க வேண்டும். வணிகப் பண்ணை என்றால் சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் தேவை. விலங்கு நலத்தையும் பறவை நோய்களையும் கவனிப்பது தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவு. வாங்குவதற்கு முன்பே அதன் இப்போதைய விதிகளைப் படித்துவிடுங்கள்.

வீட்டில் வளர்ப்பவர்களுக்குச் சேவல் வேண்டாம். சேவல் இல்லாமலேயே பெட்டை முட்டையிடும். விடியுமுன் கூவும் சேவலை அண்டை வீட்டார் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். 2017இல் சின் மிங் வட்டாரத்தில் திரிந்த 24 கோழிகள் இரைச்சல் புகார்களை அடுத்துக் கொல்லப்பட்டது பெரிய விவாதமானது. நம் கவனக்குறைவுக்குக் கோழி உயிரை விலையாகக் கொடுக்கக் கூடாது.

இரண்டாம் படி: கொட்டகையின் அளவும் அமைப்பும்

கூண்டில்லா முறை என்றால் வெளியே மேய விடுவது என்று பொருளில்லை. மூடிய கொட்டகைக்குள், தரையிலோ பல அடுக்குத் தளங்களிலோ, கோழிகள் தாராளமாக நடமாடினாலே அது கூண்டில்லா முறைதான். நோய் பரப்பும் காட்டுப் பறவைகளை நினைத்தால் சிங்கப்பூருக்கு மூடிய கொட்டகையே பொருத்தம் என்பது என் கருத்து.

அளவுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளை அடிப்படையாகக் கொள்ளலாம். பயன்படும் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 9 கோழிகளுக்கு மேல் கூடாது. ஒவ்வொரு கோழிக்கும் 15 செ.மீ. அடையும் கட்டை, 7 கோழிகளுக்கு ஒரு முட்டைப் பெட்டி, நீளத் தொட்டியாக இருந்தால் கோழிக்கு 10 செ.மீ. தீனித்தொட்டி, 10 கோழிகளுக்கு ஒரு நிப்பிள் குடிநீர் முனை (அலகால் தட்டினால் நீர் சொட்டுவது), தரையில் மூன்றில் ஒரு பங்காவது கூளம் என்பவை அங்குள்ள குறைந்தபட்ச அளவுகள். நம் வெப்பத்துக்கு இன்னும் நெருக்கத்தைக் குறைப்பது நல்லது. வீட்டில் வளர்ப்பவர்கள் கோழி ஒன்றுக்கு ஒரு சதுர மீட்டராவது கொடுங்கள்.

பக்கம் திறந்த கொட்டகையாக இருந்தால், அதன் நீளவாக்கு கிழக்கு மேற்காக அமையட்டும். காலை, மாலை வெயில் பக்கவாட்டில் உள்ளே பாயாது. கூரையின் இறவாணம் நன்கு நீண்டிருக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விடியுமுன் மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் சுமத்ரா சூறைக்காற்று மழையைக் கிடையாக வீசியடிக்கும். தொங்கவிடும் தடித்த திரை இல்லாத கொட்டகையில் அரை மணி நேரத்திலேயே ஒரு பக்கக் கூளம் முழுவதும் ஊறிவிடும்.

அடையும் கட்டையை எங்கே, எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதில் நிதானம் வேண்டும். கூண்டில்லாக் கோழிகளை வாட்டும் துன்பங்களில் மார்பெலும்பு முறிவு முக்கியமானது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில், முட்டைப் பருவத்தின் முடிவில் பாதிக்கும் மேற்பட்ட கோழிகளில் இந்த எலும்பு முறிந்தோ கோணியோ காணப்பட்டது. கோழி குரலெடுத்துக் கத்தாது. வலியைச் சுமந்துகொண்டு மெதுவாக நடக்கும், கட்டையில் ஏறத் தயங்கும். வளர்ப்பவர் அதைச் சோம்பல் என்று எண்ணிக் கடந்துவிடுவார். முட்டை ஓட்டுக்காகச் சுண்ணாம்புச் சத்து உடலிலிருந்து இடைவிடாமல் எடுக்கப்படுவதால் எலும்பு வலுவிழந்திருக்கிறது. அந்த நிலையில் உயரத்திலிருந்து தாறுமாறாகக் குதித்தால் முறிகிறது.

இதைத் தடுக்கும் வழிகள் எளியவை. தளத்துக்கும் தளத்துக்கும் இடையே 45 பாகைக்கு மிகாத சாய்வுப் பலகை வையுங்கள். வழுக்கும் மெல்லிய உலோகக் குழாயைத் தவிர்த்து, விளிம்பு உருண்ட அகலமான கட்டையைப் பொருத்துங்கள். விளக்கைச் சட்டென்று அணைக்காமல் படிப்படியாக மங்கச் செய்தால், கோழிகள் பதறாமல் இடம் பார்த்து ஏறும். எல்லாவற்றுக்கும் மேலாக, கூண்டில்லா முறையிலேயே வளர்ந்த விடைக்கோழிகளை (இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டைகளை) வாங்குங்கள். குஞ்சுப் பருவத்தில் தாவி ஏறப் பழகாத கோழி, முட்டையிடும் வயதில் அதைச் சரிவரக் கற்பதில்லை.

மூன்றாம் படி: கூளம்

மரச்சீவல், உமி, தென்னைநார்த் தூள் ஆகியவற்றில் எது கிடைத்தாலும் நல்லதே. தச்சுப் பட்டறையில் இலவசமாகக் கிடைக்கும் தூளை மட்டும் விசாரிக்காமல் போடாதீர்கள். பூச்சி அரிக்காதிருக்க வேதிப்பொருள் ஏற்றிய மரமாக இருந்தால் கோழிக்கு நஞ்சு. ஆரம்பத்தில் 5 முதல் 10 செ.மீ. உயரத்துக்குப் பரப்பினால் போதும். முதல் நாளே மிகவும் ஆழமாகப் போட்டால் கோழிகள் அதையே கூடாக்கி, தரையில் முட்டையிடப் பழகிவிடும்.

தினமும் ஐந்தாறு இடங்களில் ஒரு பிடி கூளத்தை அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். விரல்களைத் திறந்ததும் உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். லேசாகச் சேர்ந்து பிறகு உதிர்ந்தால் சரியான பதம். அப்போது ஈரப்பதம் 20 முதல் 30 விழுக்காட்டில் இருக்கும். சேராமல் தூசியாகப் பறந்தால் மிகவும் உலர்ந்துவிட்டது, கோழிகளின் மூச்சுக்குழலுக்குக் கெடுதல். குடிநீர்க் குழாயின் கீழும், சுவரோரமும், கதவருகிலும் கட்டாயம் பாருங்கள். நடுவில் மட்டும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்வதில் பயனில்லை.

ஈரம் கண்டால், மேலே புதுக் கூளம் தூவி மறைப்பதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் நிப்பிள் முனைதான் ஒழுகும். அதன் உயரமும் முக்கியம்: கோழி கழுத்தை நீட்டி அண்ணாந்து குடிக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் பக்கவாட்டில் கொத்தி, குடிப்பதற்கு ஈடாகச் சிந்தவும் செய்யும். குடிநீர் முனைகளைக் கூளத்துக்கு மேலே அமைக்காமல், இடைவெளி விட்ட பலகைத் தளத்தின் மேலே அமைத்தால் இந்தத் தொல்லை பெரிதும் தீரும். தீவனத்தில் உப்பு கூடினாலும் கோழி அதிகம் குடித்து நீராகக் கழியும். கெட்டிப்பட்ட கூளத்தை அன்றன்றே மண்வாரியால் வெட்டி வெளியேற்றுங்கள். மற்றதை முள்வாரியால் கிளறிவிடுங்கள். கையளவு கோதுமையையோ உடைத்த சோளத்தையோ தூவினால் கோழிகளே மகிழ்ச்சியாகக் கிளறித் தரும்.

நனைந்த கூளத்திலிருந்து அம்மோனியா கிளம்புகிறது. அது 20 முதல் 25 பிபிஎம்-ஐ (காற்றின் பத்து லட்சம் பங்கில் 20 முதல் 25 பங்கை) தாண்டினால் கண் வீங்கும், மூச்சுப் பாதையின் உட்தோல் சேதமாகும், மற்ற நோய்க்கிருமிகளுக்கு வழி திறக்கும். அளவுக் கருவி இல்லாதவர்கள் கொட்டகைக்குள் நுழைந்த முதல் நிமிடத்திலேயே குந்தி அமர்ந்து, கோழியின் தலை மட்டத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். பத்து நிமிடம் கழித்து மூக்கு பழகிவிடும், ஒன்றும் தெரியாது. நாம் நின்ற உயரத்தில் காற்று சுத்தமாகத் தோன்றலாம். கோழி வாழ்வதோ முழங்காலுக்குக் கீழே.

ஈரக் கூளம் பாதத்தையும் புண்ணாக்கும். அடிப்பாதத்தில் கறுப்புப் பொருக்கோ வீக்கமோ கண்டால் அந்தக் கோழியைத் தனியே எடுத்துக் கழுவி, காய்ந்த இடத்தில் விட்டு, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கத்தியால் நீங்களே கீற வேண்டாம்.

நான்காம் படி: வெப்பத்தைத் தணித்தல்

கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ். அதற்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாயைத் திறந்து இரைத்துத்தான் வெப்பத்தை வெளியேற்றுகிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் அந்த வழியும் அடைபடுகிறது. சிங்கப்பூரில் பகல் வெப்பம் பெரும்பாலும் 31 முதல் 33 பாகை வரை போகிறது. விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையற்ற பிற்பகலில் 60ஐ ஒட்டி இறங்கும். எனவே நீர்ப்புகை தெளிப்பானோ ஈரத் திரையோ பிற்பகலில் ஓரளவு உதவும். இரவில் ஓட்டினால் கொட்டகை ஆவி பறக்கும் அறையாகி, கூளமும் நனையும். நம் ஊருக்கு நம்பகமானது வேகமாக ஓடும் காற்றே. மின்விசிறிக் காற்று கோழியின் முதுகைத் தொடுகிறதா என்பதைத் தரை மட்டத்தில் ஒரு நாடாவைப் பிடித்துச் சோதியுங்கள். மின்தடைக்கு மாற்று மின்னாக்கி இல்லாத மூடிய கொட்டகையை நடத்தவே கூடாது.

தீவனம் செரிக்கும்போது உடலில் வெப்பம் பிறக்கிறது. தின்ற சில மணி நேரத்துக்குப் பிறகு அது உச்சத்தைத் தொடும். ஆகவே விடியற்காலையிலும் மாலையிலும் தீனி கொடுங்கள், உச்சி வெயிலில் தின்னத் தூண்டாதீர்கள். நம்முடைய பகல் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணி நேரம். முட்டைக்கோழிக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் தேவை. கூடுதல் வெளிச்சத்தைக் காலையில் கொடுத்து, 4 மணிக்கு விளக்கேற்றினால், குளிர்ந்த வேளையிலேயே கோழிகள் வயிறாரத் தின்றுவிடும். மாலையில் இயற்கை இருள் கவியும்போது அவை நிதானமாக அடையும்.

வெயில் படும் குழாயில் தேங்கிய நீர் கைசுடும். நண்பகலில் குழாயைத் திறந்து அந்த நீரை வடித்துவிடுங்கள். கோழி இறக்கையைத் தூக்கிப் பிடித்து இரைப்பது வெப்பம் தாக்கியதன் முதல் அறிகுறி. கழுத்தை நீட்டித் தரையில் படுத்துவிட்டால் உயிருக்கு ஆபத்து. விரட்டாமல் நிழலுக்கு எடுத்துச் சென்று, கால்களையும் கொண்டையையும் நனைத்து, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். நெடுநேரம் இரைக்கும் கோழியின் ரத்தத்தில் கரியமில வாயு குறைவதால் முட்டை ஓடு மெலியும். மெல்லிய ஓடுகள் வரிசையாக வந்தால், தீவன மூட்டையைக் குறைசொல்லும் முன் வெப்பமானியைப் பாருங்கள்.

ஐந்தாம் படி: தீவனமும் நீரும்

ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் தீவனம் தின்னும், அதைப்போல் இரு மடங்கு நீர் குடிக்கும். வெயிலில் இன்னும் கூடும். முட்டைத் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4.2 விழுக்காடு இருக்க வேண்டும். முட்டை ஓடு இரவில் உருவாவதால், பருமனான சுண்ணாம்புக்கல் துகளையோ கிளிஞ்சல் தூளையோ மாலைத் தீனியுடன் கொடுங்கள். வீட்டில் மிஞ்சிய சோறும் இட்லியும் கொடுத்தே வளர்க்க நினைக்காதீர்கள். வயிறு நிறையும், எலும்பு கரையும்.

பண்ணையில் நீர் அளக்கும் மீட்டரைத் தினமும் குறித்து வையுங்கள். முட்டை குறைவதற்கு முன்பே நோயைக் காட்டிக்கொடுப்பது நீரின் அளவுதான்.

ஆறாம் படி: ஒன்றையொன்று கொத்துவதைத் தடுத்தல்

இரை தேடிக் கிளறும் ஆர்வம் தரையில் நிறைவேறாதபோது, அது அடுத்த கோழியின் சிறகின் மீது திரும்புகிறது. நெருக்கம், கூசும் வெளிச்சம், புரதமோ உப்போ நார்ச்சத்தோ குறைந்த தீவனம், பேன் தொல்லை, தீவனத்தைத் திடீரென மாற்றுவது ஆகியவை தூண்டிவிடும். வால் அடியில் சிறகு உதிர்ந்த வெற்றிடம் தெரியும்போதே பழக்கம் வேரூன்றியிருக்கும். அதற்கும் முன் வரும் அடையாளம் ஒன்று உண்டு. கூளத்தில் வழக்கமாகக் கிடக்கும் மெல்லிய தூவிகள் காணாமல் போகும். கோழிகள் அவற்றைப் பொறுக்கித் தின்னத் தொடங்கிவிட்டன என்று பொருள்.

அன்றே நடவடிக்கை எடுங்கள். கங்கோங் கீரைக் கட்டுகளைக் கொத்தும் உயரத்தில் தொங்கவிடுங்கள், கொத்திப் பொழுதுபோக்கக் கொத்துக்கல் வையுங்கள், வெயில் கீற்று தரையில் விழும் ஓட்டையை அடைத்துவிடுங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள். காயம்பட்ட கோழியை உடனே பிரித்துவிடுங்கள். ரத்தம் கண்டால் மற்றவை விடமாட்டா. முட்டைப் பெட்டியின் உட்புறம் இருட்டாக இருக்கட்டும். முட்டையிட்டதும் வெளித்தள்ளிய ஆசனவாய் வெளிச்சத்தில் பளபளத்தால் மற்ற கோழிகள் அதைக் கொத்திக் குதறும். அலகு வெட்டுவது சுலபமான தீர்வாகச் சொல்லப்படுகிறது. சுவீடனும் பின்லாந்தும் நார்வேயும் அதைத் தடை செய்துவிட்டே முட்டைக்கோழி வளர்க்கின்றன. காரணத்தைக் களையாமல் அலகைக் குறைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இடிச்சத்தத்தில் மிரண்டு ஒரே மூலையில் குவிந்து மூச்சுமுட்டிச் சாவதும் கூண்டில்லாக் கொட்டகைக்கே உரிய ஆபத்து. கூர்மூலைகளைப் பலகையால் வளைத்து மூடிவிடுங்கள். நீண்ட கொட்டகையைத் தடுப்புகளால் பிரித்து வையுங்கள். உள்ளே நுழையுமுன் கதவைத் தட்டி, பேசிக்கொண்டே நடக்கும் பழக்கம் வேண்டும்.

ஏழாம் படி: நோய்த் தடுப்பு

தடுப்பூசி அட்டவணையைக் கால்நடை மருத்துவர்தான் வகுக்க வேண்டும். நரம்புகளைத் தாக்கிக் கட்டிகளை உண்டாக்கும் மாரெக்ஸ் நோய்க்கான ஊசி குஞ்சு பொரித்த அன்றே பொரிப்பகத்தில் போடப்படுகிறது. வெள்ளைக்கழிச்சல், நோய் எதிர்ப்பாற்றலைக் குலைக்கும் கம்போரோ, தொற்று மூச்சுக்குழல் அழற்சி ஆகியவற்றுக்கானவை பின்னர் தவணை முறையில். அம்மைக்கான ஊசியை இறக்கைச் சவ்வில் குத்துவார்கள். கோழி அம்மையைக் கொசு பரப்புகிறது. தேங்கிய நீரை அகற்றுவது டெங்கியிலிருந்து குடும்பத்தையும் அம்மையிலிருந்து கோழியையும் சேர்த்தே காக்கும்.

ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணி எச்சத்தில் வெளியேறி, வெதுவெதுப்பான ஈரக் கூளத்தில் ஓரிரு நாளில் தொற்றும் நிலையை அடைகிறது. குடற்புழு முட்டைகளும் அதே கூளத்தில்தான் காத்திருக்கும். எச்சத்தைப் பரிசோதனைக்கு அனுப்பி, தேவை தெரிந்த பிறகே புழுநீக்க மருந்து கொடுங்கள். மருந்து கொடுத்த நாட்களின் முட்டையை எப்போது உண்ணலாம் என்பதையும் மருத்துவரிடமே கேளுங்கள்.

செவ்வுண்ணி பகலில் கட்டையின் விரிசலில் ஒளிந்து, இரவில் வந்து ரத்தம் குடிக்கும். கொண்டை வெளிறுவதும், முட்டை ஓட்டில் சிறு ரத்தப் புள்ளிகள் தெரிவதும் அடையாளம். இருட்டிய பின் கைவிளக்கோடு சென்று, கட்டையின் அடியில் வெள்ளைத் தாளால் தேய்த்துப் பாருங்கள். செந்நிறக் கீற்று படிந்தால் அது உண்ணிதான். கோழி புரள உலர்ந்த மணல் தொட்டி வைப்பது பேன்களைக் கட்டுப்படுத்த உதவும்.

பறவைக் காய்ச்சலை மறக்கவே கூடாது. லிம் சூ காங்குக்கு அருகிலேயே சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம் இருக்கிறது. செப்டம்பர் முதல் மார்ச் வரை வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் அங்கு வந்து தங்குகின்றன. மைனாவும் காகமும் தீனி தேடி எங்கும் நுழையும். வலையில் கிழிசல் இல்லாமல் பாருங்கள், சிந்திய தீனியைக் கூட்டுங்கள், கொட்டகைக்கென்று தனிச் செருப்பு வையுங்கள், வேறு பறவைகளைத் தொட்டுவிட்டு வந்தவரை உள்ளே விடாதீர்கள். எலி சால்மொனெல்லா கிருமியைக் கொண்டுவரும். மலைப்பாம்பும் மரநாயும் கோழியையே கொண்டுபோகும். வலையின் அடிப்பகுதியை மண்ணுக்குள் புதைத்துக் கட்டுங்கள்.

திடீரெனப் பல கோழிகள் இறந்தால், தலை வீங்கினால், கொண்டை நீலம் பாரித்தால், கழுத்து முறுக்கிக்கொண்டால் விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவுக்கு உடனே தெரிவியுங்கள். செத்த கோழியை அறுத்துப் பார்க்கவோ குப்பையில் வீசவோ வேண்டாம்.

எட்டாம் படி: தினமும் பார்த்தல், வாரம் ஒருமுறை தொட்டுப் பார்த்தல்

காலையிலும் மாலையிலும் கொட்டகையின் எல்லா மூலைகளுக்கும் நடந்து செல்லுங்கள். முதலில் ஓரிடத்தில் அசையாமல் நின்று கேளுங்கள். தும்மலும் கரகரப்பும் இரவின் அமைதியில் இன்னும் தெளிவாகக் கேட்கும். வாரம் ஒருமுறை வெவ்வேறு இடங்களிலிருந்து சில கோழிகளைக் கையில் எடுத்து எடை போடுங்கள். இரு கைகளாலும் இறக்கையை உடலோடு அணைத்துத் தூக்க வேண்டும்; ஒற்றைக் காலைப் பிடித்துத் தொங்கவிட்டால் இடுப்பு நழுவும். கண், மூக்கு, பாதம், ஆசனவாய்ப் பகுதி எல்லாவற்றையும் பாருங்கள். பிறகு இரு விரல்களை மார்பெலும்பின் மேல் வைத்து முன்னிருந்து பின்னாக வருடுங்கள். நேரான கூர்விளிம்பு தட்டுப்பட வேண்டும். முடிச்சோ வளைவோ தட்டுப்பட்டால் பழைய முறிவு. பல கோழிகளில் அப்படி இருந்தால் கட்டைகளின் உயரத்தையும் சாய்வுப் பலகைகளையும் அந்த வாரமே மாற்றுங்கள். கண்டதையெல்லாம் ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். பணி நேரம் மாறும்போது அடுத்தவர் அதைப் படித்துவிட்டு உள்ளே போகட்டும்.

ஒன்பதாம் படி: நோயுற்ற கோழிக்குத் தனியிடம்

நலிந்த கோழிக்குக் காற்றும் நிழலும் தீனியும் நீரும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள சிறு அறை ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். ஓரிரு நாளில் தேறாவிட்டால் மருத்துவரைக் கேளுங்கள். பிழைக்காது என்று அவர் சொன்னால், பயிற்சி பெற்றவரைக் கொண்டு வலியின்றி உயிரைப் போக்குவதே கருணை. தானாகச் சாகட்டும் என்று மூலையில் விட்டுவிடுவது கொடுமை. முட்டைப் பருவம் முடிந்து மந்தையை வெளியேற்றும் நாளிலும் அதே கவனம் வேண்டும். விளக்கை மங்கலாக்கி, இரு கால்களையும் சேர்த்துப் பிடித்து, மார்பைத் தாங்கி எடுங்கள். ஒரு கைக்கு இத்தனை கோழி என்று கணக்குப் போட்டு அவசரப்படுத்தாமல், போதிய ஆட்களை அமர்த்துவது பண்ணை உரிமையாளரின் கடமை. கொட்டகை காலியானதும் பழைய கூளம் முழுவதையும் வாரி வெளியேற்றி, கழுவி, கிருமிநாசினி தெளித்து, தரையும் கட்டைகளின் விரிசல்களும் நன்றாக உலர்ந்த பிறகே அடுத்த விடைக்கோழிகளை இறக்குங்கள்.